உங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள்

ஹேர்னிங்,
30.11.1986

அன்பின் அத்தானுக்கு,

அமலராணி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். மூன்று பேர் என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அவசரப்படாமல் கடைசிவரை வாசியுங்கள்.

நீங்கள் ஒக்டோபரில் போட்ட கடிதமும் மேரிகிறேஸுக்கு எழுதிய துண்டும் கிடைத்தன. பேசாலைக் கோயிலுக்குப் புது ஓடு போட்டது சந்தோசம். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. பின்னேரம் நான்கு மணிக்கே இருட்டிவிடும். நான் வேலை செய்வது முதியோர் இல்லத்துச் சமையலறையில் என்பதால் குளிரில் இருந்து தப்பித்துக்கொள்கிறேன். மேரிகிறேஸ் நான் தமிழில் கேட்டால் டெனிசில் பதில் சொல்கிறாள். அவளைக் கண்டிக்கிற வேலையை நீங்கள் வந்து செய்யுங்கள் என்று மிச்சம் வைத்திருக்கிறேன்.

நீங்கள் வருவது பற்றித்தான் இப்போது பிரச்சினை. போன செவ்வாய்க்கிழமை வெளிநாட்டவர் அலுவல் பார்க்கிற பொலிஸ் கந்தோருக்கு என்னைக் கூப்பிட்டார்கள். கந்தோரை இவர்களும் கொன்டோர் என்றுதான் சொல்கிறார்கள், அந்த ஒரு சொல்லைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வரும். அங்கே ஒரு பெண் இரண்டு படிவங்களை அருகருகே வைத்துக் காட்டினாள். என்னுடையதில் பிள்ளைகள் இரண்டு. நீங்கள் கொழும்பில் நிரப்பிக் கொடுத்ததில் பிள்ளைகள் ஒன்று, பெண், பெயர் மேரிகிறேஸ். அப்படியானால் என்னோடு ஒரே வீட்டில் இருக்கிற இந்த இருபத்திரண்டு வயது ஆண் யார் என்று கேட்டாள்.

தெரியாமல் விட்ட பிழை என்று உங்களை நான் காப்பாற்ற மாட்டேன். மீனவர் சங்கத்தில் எழுதுவினைஞராக இருந்து ஊருக்கெல்லாம் படிவம் நிரப்பிக் கொடுத்த கை அது. ஏழு வயதாகியும் நம் மூத்தவன் அந்தோனிதாசனுக்குப் பேச்சு வராமல் போனதிலிருந்து, யார் கேட்டாலும் "ஒரு பொம்பிளைப் பிள்ளை" என்று சொல்லிப் பழகிவிட்டீர்கள். பஸ்ஸில் கேட்டவருக்கும் அதுதான் பதில், புதிதாக வந்த சுவாமியாருக்கும் அதுதான் பதில். நானும் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். கேட்டுக் கேட்டுப் பழகிய பொய், கடைசியில் டென்மார்க் அரசாங்கத்தின் தாளிலும் ஏறிவிட்டது.

ஜனவரி பதினைந்துக்கு முன் இரண்டு தாளும் ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் விண்ணப்பத்தைத் தள்ளிவிடுவார்களாம். என்னைக் காரில் கொண்டுபோன இரத்தினசிங்கம் அண்ணை திரும்பி வரும்போது ஒரு வழி சொன்னார். "தங்கச்சி, நீர் உம்மடை தாளை மாத்தும். பெடியன் தமையன்ரை பிள்ளை, நான் வளர்த்தனான் எண்டு எழுதிவிட்டால் அலுவல் சுகமாய் முடிஞ்சிடும்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனாலும் அது என்னால் ஆகாது.

என் தாளை ஏன் மாற்ற மாட்டேன் என்று சொல்வதானால், இரண்டு வருடமாக உங்களுக்கு எழுதாமல் விட்டதை எழுத வேண்டும். அவனைப் பற்றி நான் எழுதுகிற பகுதிக்கு மட்டும் உங்கள் கடிதத்தில் பதில் இருப்பதில்லை. அதனால் நானும் ரோசத்தில் விட்டுவிட்டேன்.

வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு டாக்டர் அவனை மூன்று நாள் பார்த்துவிட்டு ஆட்டிசம் என்று சொன்னார். தமிழில் அதற்கு என்ன சொல் என்று எனக்குத் தெரியாது. பேயும் இல்லை, சாபமும் இல்லை, தாயின் குற்றமும் இல்லை, பிறவியிலேயே மூளை வேறு விதமாக அமைந்துவிட்டது என்று விளக்கினார். உங்கள் அக்கா இத்தனை வருடமாக என்னைப் பார்த்துச் சொன்னதையெல்லாம் அந்த மனிதர் அரை மணித்தியாலத்தில் துடைத்துவிட்டார். ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதேன். ஆறுதலில்தான் அழுதேன்.

பிறகு அவனுக்கு ஒரு துணி ஆலையின் களஞ்சியத்தில் வேலை கிடைத்தது. இரண்டு பேர் பிடித்துத் தூக்குகிற துணிச்சுருளை இவன் தனியாகத் தோளில் போட்டுக்கொண்டு போனானாம். அங்கே மேற்பார்வையாளராக இருக்கிற பௌல், பாரம் தூக்கும் கழகம் ஒன்றில் பயிற்சி கொடுப்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, கோப்பி குடித்து, உங்கள் மகனை என்னிடம் விடுவீர்களா என்று கேட்டார். பெண் கேட்டு வந்தவர் மாதிரி அவ்வளவு மரியாதை.

முதல் நாள் இவன் ஒன்றையும் தூக்கவில்லை. இரும்புத் தட்டுகள் சுவரோரமாகக் கலந்து கிடந்தன. இரண்டு மணித்தியாலம் இருந்து அவற்றை நிறைப்படி அடுக்கினான். ஊரில் என் சமையலறைத் தகரப் பேணிகளை அவன் அப்படி அடுக்கியபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. பௌல் ஒரு கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அடுக்கி முடிந்ததும், இனித் தொடங்கலாமா என்று மட்டும் கேட்டார். இன்றைக்கும் அந்தக் கழகத்தில் யாராவது தட்டை மாற்றி வைத்தால் அந்தோனிதாசனிடம் பேச்சு வாங்குவார்கள். ஓம் அத்தான், பேச்சு வராத பிள்ளையிடம்தான். இப்போது தேவையானதைக் கதைக்கிறான்.

இது தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கிற போட்டி இல்லை. கம்பியைத் தோளில் வைத்துக் குந்தி எழும்ப வேண்டும், படுத்திருந்து நெஞ்சிலிருந்து மேலே தள்ள வேண்டும், நிலத்திலிருந்து இடுப்புவரை தூக்கி நிற்க வேண்டும். மூன்றும் சேர்த்துத்தான் முடிவு. பிரெடெரிசியாவில் நடந்த முதல் போட்டியில் மானம் போனது. நெஞ்சில் கம்பியோடு படுத்திருப்பவன் நடுவர் கை தட்டியதும் தள்ள வேண்டும். பயிற்சியில் இவன் கேட்டுப் பழகியதோ "ஒப்", மேலே என்கிற டெனிஸ் சொல். நடுவர் தட்டினார், இவன் சொல்லுக்காகக் காத்துக்கொண்டு கிடந்தான். மூன்று தரமும் மற்றவர்கள் வந்து கம்பியை எடுத்துவிட வேண்டியதாயிற்று. நான் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த நாள் பௌல் விதிப்புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். மேரிகிறேஸ் வாசிக்க வாசிக்க ஒரு மாதத்தில் முழுவதையும் பாடமாக்கிவிட்டான். இப்போது நடுவர் பிழைவிட்டால் பக்க எண்ணைச் சொல்கிறான்.

இந்த வருடம் வைகாசியில் எங்கள் யூட்லாந்துப் பகுதி இளையோர் போட்டியில் முதலிடம் வந்தான். பத்திரிகையில் படம் போட்டார்கள். முதியோர் இல்லத்தில் ஒரு கிழவர் அதை வெட்டி எனக்கென்று எடுத்து வைத்திருந்தார். போன சனிக்கு முந்திய சனி அல்பர்ட்ஸ்லுண்ட் விளையாட்டு மண்டபத்தில் முழு டென்மார்க்கின் இளையோர் போட்டி. அங்கே நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவையும் எழுதினேன்.

நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை என்பது டெனிஸ்காரருக்கு விளங்குவதில்லை. தகப்பன் பெயரையே குடும்பப் பெயராகப் பதிந்துவிட்டார்கள். விளையாட்டிலும் அந்தப் பெயரால்தான் கூப்பிடுவார்கள். கடைசித் தூக்கு, நிலத்திலிருந்து இருநூற்று அறுபத்திரண்டரைக் கிலோ. தூக்கினால் முதலிடம், தவறினால் மூன்றாமிடம். அறிவிப்பாளர் "சூசைதாசன், ஹேர்னிங்" என்றார். எங்கள் கழகத்து ஆட்கள் தொடங்கிவைக்க, மண்டபம் முழுக்கக் காலால் நிலத்தைத் தட்டிக்கொண்டு சூசைதாசன், சூசைதாசன் என்று கூப்பிட்டது. கோயில் மணிக்கே காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிற பிள்ளை அவன். அன்றைக்குப் பொத்தவில்லை. தலையை நிமிர்த்திக் கூட்டத்தை ஒரு தரம் பார்த்தான். குனிந்தான், பிடித்தான், தூக்கினான். முழங்காலடியில் கம்பி நின்றது. பிறகு ஏறியது. நடுவர் கையை இறக்கும்வரை பிடித்து நின்று, விதியில் உள்ளபடி மெல்ல இறக்கி வைத்தான். மூன்று நடுவரின் விளக்கும் வெள்ளை, தூக்கு சரி. உங்கள் மகன் டென்மார்க் இளையோர் சாம்பியன்.

பௌல் கட்டிப்பிடிக்க ஓடி வந்தார். இவன் அவரை விலத்திக்கொண்டு பார்வையாளர் பக்கம் போனான். முதல் வரிசையில் ஒரு கரையிலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நடந்தான். கைகொடுக்க வருகிறான் என்று நினைத்துச் சனம் கையை நீட்டியது. அவன் ஒரு கையையும் தொடவில்லை. நாலாவது வரிசையில் நான் போய் மறித்து, என்ன தேடுகிறாய் என்று கேட்டேன். "எல்லாரும் அப்பாவைக் கூப்பிடுகினம். அப்பா எந்த வரிசை?" என்றான். அப்பா வரவில்லை என்றேன். "வராட்டில் ஏன் கூப்பிட்டவை?" என்று கேட்டான். பன்னிரண்டு வரிசையையும் பார்த்து முடித்த பிறகுதான் பதக்கம் வாங்க மேடையில் ஏறினான். அதுவரை அத்தனை பேரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

எனவே என் தாளில் ஓர் எழுத்தும் மாறாது. மாற வேண்டியது உங்கள் தாள். கோயிலில் அவனுடைய ஞானஸ்நானப் பதிவின் பிரதி ஒன்றை எடுங்கள். சமாதான நீதவானுக்கு முன்னால், எனக்குப் பிள்ளைகள் இரண்டு, மூத்தவன் அந்தோனிதாசன் என்று எழுதிக் கையெழுத்து வைத்து உடனே அனுப்புங்கள். காரணம் எழுத வேண்டாம். மன்னிப்பும் எனக்கு எழுத வேண்டாம். இதைச் செய்ய முடியாவிட்டால் நீங்கள் வரவே வேண்டாம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். எழுத மனம் வரவில்லை. எனக்கு நீங்கள் வேண்டும். இரண்டு வருடம் தனியாகச் சமாளித்தேன், இன்னும் சமாளிப்பேன், ஆனால் நீங்கள் வேண்டும்.

பங்குனியில் அவன் நோர்வேக்குப் போட்டிக்குப் போகிறான். வென்று வருவான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகமெல்லாம் உங்களைப் பற்றித்தான்.

இந்தக் கடிதத்தில் அவனையும் கையெழுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். இங்கே சம்பளத் தாளிலும் போட்டித் தாளிலும் எழுதுவதைத்தான் எழுதுவான். வேறு கையெழுத்து அவனுக்குத் தெரியாது. மடு மாதா உங்களைச் சுகமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். அவனுடைய பெயரை எழுதுங்கள், அத்தான்.

என்றும் உங்கள்,
அமலராணி

சூசைதாசன்