செருப்புப் போட்டுத் திறக்கும் ஃபிரிட்ஜ்

ஜனவரி 6, திங்கள்

மறந்துபோய் வெறுங்காலோடு ஃபிரிட்ஜைத் தொட்டுவிட்டேன். தோள்பட்டை வரை கரண்ட் சுளீரென்று இழுத்துவிட்டது. தப்பு என்மேல்தான். பனி இறங்கினால் தரை ஈரமாகும் என்று தெரியாதா எனக்கு?

மகன் ஆசிர் பிறப்பதற்கு முன்பே வாங்கிய ஃபிரிட்ஜ். ஐஸ் இன்னும் கல் மாதிரி பிடிக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ரப்பர் செருப்பு, காய்ந்த கை, கைப்பிடியை மட்டும் தொட வேண்டும் — இது எங்கள் வீட்டுச் சட்டம். நாங்கள் மூன்று பேரும் பழகிவிட்டோம். ஆனால் 22ஆம் தேதி ஆசிருக்குக் கல்யாணம். சேலத்திலிருந்து வரும் ரூபிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

ஜனவரி 9

இவரிடம் மறுபடியும் சொன்னேன். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக அத்தனை ஆட்களைக் கட்டி மேய்த்த மனுஷர், ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடப் பயப்படுகிறார். "வர்றவன் மொதல்ல மாத்தத்தான் சொல்லுவான். ஓடுறத எதுக்கு மாத்தோணும்?" என்கிறார். வருகிற பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஜனவரி 14

ஆசிரையாவது ரூபியிடம் சொல்லச் சொன்னால், நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கம்மா என்று நழுவுகிறான். நம்மைக் கஞ்சப் பிசினாறி என்று நினைத்துவிடுவாளாம். நினைக்கட்டுமே. உயிரோடு இருந்து நினைக்கட்டும்.

நான் மட்டும் என்ன? போனில் புடவை, பூ என்று பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

ஜனவரி 22

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நான் பிடுங்கி வைத்த பிளக்கை, மீந்த பிரியாணி கெட்டுவிடும் என்று இவர் திரும்பச் செருகிவிட்டார்.

ஜனவரி 23

விடிந்ததும் ஃபிரிட்ஜ் கதவுச் சத்தம். ரூபிதான் — விழுந்தடித்து ஓடினேன். இவருடைய பெரிய செருப்பை மாட்டிக்கொண்டு, பால் பாக்கெட்டும் கையுமாக நிற்கிறாள்.

"ஏனுங்க அத்தை, இதுவும் அடிக்குமுங்களா? கீழ செருப்புக் கெடக்கறதப் பாத்ததுமே நெனச்சேனுங்க. எங்க ஊட்டு வாஷிங் மெஷினும் இப்படித்தானுங்க."

ஆசிர் பெண் பார்க்கப் போனபோது, அவன் அந்தப் பக்கம் போய்விடக் கூடாது என்று அவள் அம்மா காவலுக்கே நின்றாராம். அவள் அப்பாவும் ஆளைக் கூப்பிட மாட்டாராம். அங்கேயே தரையில் உட்கார்ந்து சிரித்தேன். அப்பாடா. எத்தனை நாளாக வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 27

ரூபி மாமனாரிடம் நேராகவே பேசிவிட்டாள். "ஆளக் கூப்புடலாமுங்க மாமா. மாத்தச் சொன்னா வேண்டாம்னு நானே சொல்லிப்போடறனுங்க." இவர் பேப்பரை மடித்து வைத்தார். இவர் சம்மதிப்பது அப்படித்தான்.

பிப்ரவரி 1

கடைவீதியிலிருந்து எலெக்ட்ரீஷியன் ஐயாக்கண்ணு வந்தார். உள்ளே ஒரு வயர் உரிந்திருந்ததாம், பிளக்கில் எர்த்தே இல்லையாம். மத்தியானத்துக்குள் சரிசெய்துவிட்டார். மாற்றுகிற பேச்சையே அவர் எடுக்கவில்லை. இத்தனை வருஷம் இதற்காகவா பயந்தோம்!

இவர் வெறுங்காலோடு போய்த் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். உள்ளேயிருந்து எதையும் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை ஐயாக்கண்ணுவைக் கூட்டிக்கொண்டு சேலத்துக்கு, சம்பந்தி வீட்டுக்குப் போகிறாராம். முன்கூட்டிப் போன் செய்யக் கூடாதாம். சொன்னால் அந்த மனுஷர் வேண்டாம் என்றுவிடுவார் என்கிறார்.