விரிசல்மேல் ஒட்டிய கண்ணாடி

என் அருமை மருமகளே,

யாரும் நம்பாத கதையொன்றைச் சொல்லப்போகிறேன் என்று, நம் ஊர்த் தேவாலயத்தின் தொள்ளாயிரம் வருடக் கற்கள்மேல் ஆணையிட்டுத் தொடங்குகிறேன்.

பீடத்துக்கு முன்னாலுள்ள கல் வளைவில் விரிசல் விட்டிருக்கிறதல்லவா? போன வாரம் அதற்குள் நுழைந்த பசு கன்றோடு வெளியே வந்தது. கட்டடப் பொறியாளர் வந்து, விரிசலின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டினார். சுவர் அசைந்தால் அது உடையும். உடைந்தால் தேவாலயத்தைப் பூட்டிவிடுவார்கள். ஜூன் மாதம் உன் கல்யாணம் அங்கே நடக்காது.

மூன்றே நாளில் உடைந்தது. எனக்குத் தேவாலய நிர்வாகி த்ரேல்மேல்தான் சந்தேகம். உன் அம்மா தன்னை வேண்டாமென்றதை முப்பது வருடமாக மென்றுகொண்டிருப்பவன் அவன். யாரோ உடைத்ததென்று பொறியாளரிடம் சொல்லிப் புதுக் கண்ணாடி ஒட்டவைத்து, அவனைக் கையும் களவுமாகப் பிடிக்க ஆர்கன் இசைக்கருவியின் குழாய்களுக்குப் பின்னால் ஒளியப் போனேன். அங்கே ஏற்கெனவே த்ரேல் குந்தியிருந்தான்.

"நீ எதுக்குய்யா இங்க?" என்றேன்.

"உன்னைப் பிடிக்கத்தான்! கைத்தடியால தட்டி உடைச்சது நீதானே? கல்யாணம் ஆனா பொண்ணு கனடா போயிடுவான்னு உனக்கு வயித்தெரிச்சல்."

எனக்குத் திடீரென்று பலமான இருமல் வந்தது.

அப்போது எங்கள் கண்ணெதிரே, யார் கையும் படாமல், கண்ணாடி இரண்டாகப் பிளந்தது. அந்தச் சத்தத்தில் பிரான்ஸ் தேசத்துக் கோழிகள்கூடக் கூவின. என் பையில் இன்னொரு கண்ணாடி இருந்தது. மாற்றி ஒட்டியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்த வளைவுக்குக் கீழேதானே நீ நிற்பாய்? பொறியாளருக்கு நானே எழுதிவிட்டேன். கல்யாணத்தைப் பக்கத்து ஊரில் வைத்துக்கொள்.

இத்தனை புளுகிலும் ஒரு சின்ன விஷயம் நிஜம், கண்ணே: கண்ணாடி தானாகத்தான் உடைந்தது.

இருமல் இன்னும் நிற்காத,
உன் மாமா