ஆடி மாசத்தில் குடிவந்தவனுக்கு

மாப்ள,

மாடிக்கு வெள்ளையடிக்க வந்த பெயிண்டர் காலையில் என்னை மேலே கூப்பிட்டு ஜன்னலோரச் சுவரைக் காட்டினார். "அண்ணே, இந்த எண்ணெய்க் கறை லேசுல போகாது. ரெண்டு கோட்டு இழுக்கணும்." நீ பேப்பர் படிக்கத் தினமும் தலையைச் சாய்த்த இடம். கிட்டப் போனால் இன்னும் உன் தைலம் மணக்கிறது. வேறு யாராவது சுவரை இப்படி ஆக்கியிருந்தால் அட்வான்ஸில் பிடித்திருப்பேன். "அது இருக்கட்டும், மத்த சுவர முடிங்க" என்று சொல்லிவிட்டுக் கீழே வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் பத்தாவதோடு நின்றவன். ஆனாலும் இந்த மாடியைக் கட்டும்போது எனக்கு இருந்த அறிவுக்கு அளவே இல்லை. காளவாசல் மோட்டார் பார்ட்ஸ் கடையில் நின்று நின்று வீங்கிப்போன காலை நீட்டிக்கொண்டு, மாசம் பிறந்தால் வாடகை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல ஒரு படம் கண்ணுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. லோன் தவணையையும் மகளின் நர்சிங் காலேஜ் ஃபீஸையும் மாடியே பார்த்துக்கொள்ளும் என்று முடிவு கட்டி, ஆடி பிறந்தால் வேலைக்கு வரமாட்டேன் என்று முதலாளியிடம் சொல்லியும் விட்டேன்.

வேலை முடிந்து 'வீடு வாடகைக்கு' போர்டு மாட்டியது ஆனிக் கடைசியில். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் டைல்ஸைத் தடவித் தடவிப் பாராட்டினார்கள். "வீடு பிரமாதம்ணே, ஆவணியில வாரோம்." ஆடியில் நான் ஒரு துடைப்பத்தைக்கூட வீடு மாற்றமாட்டேன். ஊரான் மட்டும் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு ஓடிவருவான் என்று நினைத்திருக்கிறேன் பார்!

ஆடி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வெள்ளைச் சட்டையோடு வந்தாய். பின்தெருவில் நீ இருந்த வீட்டை, தன் மகனுக்கு வேண்டும் என்று அந்த வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருந்த நேரம்.

"என்ன மாப்ள, போர்ட நீயே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்க?"

"ஒருத்தனும் வரமாட்டேங்குறான்டா."

"ஆடியில எவன் வருவான்? எங்களுக்குத்தான் ஆடியும் கிடையாது, மார்கழியும் கிடையாது. நான் வாரேன். ஆனா ஒரு கண்டிசன்."

வாடகையைக் குறைக்கச் சொல்லப் போகிறாய் என்று நினைத்தேன்.

"நாளைக்கே போயி முதலாளிகிட்ட வேலைக்கு வாரேன்னு சொல்லு. இல்லேன்னா மாசம் பொறந்தா என் மூஞ்சியவே பார்த்துக்கிட்டு உக்காந்திருப்ப. எனக்கு எப்படிச் சோறு எறங்கும்?"

"உன் பிரசங்கத்தச் சர்ச்சுலயே வச்சுக்க" என்றேன். நீ அசரவில்லை. "வருசத்துக்குப் பன்னெண்டு மாசம்னு காலண்டர்ல இருக்கும். வீட்டுக்காரனுக்கு ஒம்போதோ பத்தோதான். அதுலயும் ரிப்பேரு ரெண்ட முழுங்கிரும். இதுல வேலைய வேற விடப் போறானாம்."

மறுநாள் கடையில் போய் நின்றேன். முதலாளி தலையே நிமிரவில்லை. "லீவு முடிஞ்சுச்சா?" என்று மட்டும் கேட்டார். அவருக்கும் என்னைப் பற்றித் தெரிந்திருக்கிறது.

நீ குடிவந்த முதல் வாரமே தெருவே கேட்கிற மாதிரி மேலே இருந்து கத்தினாய். "ஓனரே! மதியம் ஃபேனப் போட்டா அனல் அடிக்குது. இதுக்குத் தனி வாடகையா?" அதே மாசம் தண்ணீர் மோட்டார் புகைந்துபோனது. நீ தந்த முதல் வாடகை என் சட்டைப்பையில் சூடுகூட ஏறாமல் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன் கைக்குப் போனது. அடுத்த வாரம் மகளுக்கு ஃபீஸ் கட்டினது கடைச் சம்பளத்தில். அவள் படிப்பு முடியும்வரைக்கும் அப்படித்தான். வேலை கிடைத்த அன்று அவள் முதல் ஸ்வீட்டை எனக்குத் தராமல் மாடிக்குக் கொண்டு ஓடினாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

பங்குனியில் நீ கண்ணை மூடினாய். வைகாசியில் உன் வீட்டுக்காரியை, என் தங்கச்சியை, திருமங்கலத்துக்கு உன் மகன் கூட்டிப்போனான். மறுபடியும் ஆடி, மறுபடியும் காலி வீடு. தவணைக்குச் சம்பளம் இருக்கிறது. எனக்குப் பதற்றம் இல்லை.

நேற்று வீடு கேட்டு ஒரு பையன் போன் செய்தான். மாடி மதியம் கொதிக்கும், கார்ப்பரேஷன் தண்ணீர் நினைத்தால்தான் வரும், எதிர்வீட்டு நாய்க்கு யாரையும் பிடிக்காது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்படியில் இருந்து உன் தங்கச்சி, என் வீட்டுக்காரி, எட்டிப் பார்த்தாள். "வாடகைக்கு விடுறீகளா, வெரட்டி விடுறீகளா?" அந்தப் பையன் சிரித்துவிட்டு, "ஆவணி பொறந்ததும் வாரேன்ணே" என்றான். வந்தால் சந்தோஷம். வராவிட்டாலும் காலையில் கடைக்குப் போகிறேன்.

வாடகை, மாசம், மோட்டார் எல்லாவற்றிலும் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டேன் மாப்ள. குடிவருகிறவன் உன்னை மாதிரி இருக்க வேண்டும் என்கிற ஒன்றைத்தான் விட முடியவில்லை. நீ இருந்தால் அதையும் கொஞ்சம் குறைத்துக்கொள் என்றுதான் சொல்வாய்.