சொம்பு வீடு வந்து சேர்ந்தது, அண்ணா

சொல்லாமல் போனவனே, என் ஏழுமலை அண்ணா,

பழவேற்காட்டில் மழை இறங்கிவிட்டது. ஏரி நிறைந்துகொண்டிருக்கிறது. நேற்று உனக்கு வருஷப் படையல் போட்டோம். எப்படி நடந்தது என்று முதலில் உன்னிடம்தான் சொல்லவேண்டும் என்று தோன்றியது. வேறு யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள், இல்லாவிட்டால் அழுவார்கள். நீதான் இரண்டையும் ஒன்றாகச் செய்வாய்.

நான் இன்னும் கும்மிடிப்பூண்டியில் அதே கம்பெனியில்தான், ஸ்டோரில் இருக்கிறேன். நீ வெல்டிங் வைத்த யார்டில் ஸ்டீல் டேங்குகள் இப்போதும் வரிசையாக நிற்கின்றன. சாப்பாட்டு வேளையில் ஆள் இல்லாதபோது, ஒரு டேங்கின் வட்டக் கதவுக்குள் தலையை விட்டு "அண்ணா" என்று கூப்பிடுவேன். டேங்க் திருப்பிக் கூப்பிடும். என் குரல்தான், தெரியும். ஆனால் அது கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் தடித்து வருகிறதே, அது ஏன்? சூப்பர்வைசர் ஒருநாள் பார்த்துவிட்டார். "இன்னா தேவி, உள்ள யார்கிட்ட பேசற?" என்றார். துரு பார்க்கிறேன் என்றேன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் துரு பார்க்கிற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அந்த டேங்குகளோடுதானே நீயும் போனாய். பிரான்சின் தெற்கே ஒரு ஒயின் தோட்டத்துக்கு டேங்க் பொருத்திக் கொடுத்துவிட்டு வர உன்னையும் உன் கூட்டாளி செல்வத்தையும் கம்பெனி அனுப்பியது. தோட்டத்துக்கார அம்மாள், நீங்கள் மதாம் என்று கூப்பிடுகிறவர், வேலை பிடித்துப்போய் இரண்டு பேரையும் ஒயின் எடுக்கிற வேலைக்கு அங்கேயே வைத்துக்கொண்டார்.

நீ கிளம்புவதற்கு முன், ஒயின் தோட்டம் என்றதும் நம் அம்மா அன்றைக்குச் சோறு தின்னவில்லை. அப்பாவைக் கொண்டுபோனது சாராயம். உன்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எரிகிற கற்பூரத்தின் மேல் கை வைக்கச் சொன்னாள். "ஒரு சொட்டு என் தொண்டையில எறங்காதும்மா" என்று சத்தியம் செய்தாய். பக்கத்தில் நான்தான் நின்றேன். சத்தியம் செய்த கையோடு, ருசி பார்ப்பதே பாதி வேலையாக இருக்கிற இடத்துக்கு ஏறிப் போனாய்.

"துப்பிடுவேம்மா" என்று போனில் சொன்னாய். "இங்க பெரிய பெரிய ஆளுங்களே வாயில ஊத்தி, சொழட்டி, துப்பிடறாங்க. அதான் முறை."

"டப்பு குடுத்து வாங்கறத எவன்டா துப்புவான்?" என்றாள் அம்மா. அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

உன் குரல் இன்னும் என் போனில் இருக்கிறது. கம்பெனி பஸ்ஸில் போய்க்கொண்டே கேட்கிறேன். பிக்பூல் என்கிற வெள்ளைத் திராட்சையைப் பற்றி நீ சொன்னதுதான் முதல் பதிவு. "உதட்ட கிள்ளும் தங்கச்சி. எலுமிச்சம்பழத்த உப்புல தொட்ட மாதிரி. இங்கயும் ஒரு ஏரி கீது, நம்ம ஏரி மாதிரியே உப்பு. சிப்பிய பச்சையா தின்னுட்டு மேல இத குடிக்கறாங்க. நம்ம மடவ மீன் வறுவலுக்கு இத வெச்சா இன்னா மாதிரி இருக்கும் தெரியுமா?" தெரியாது அண்ணா. நான் எங்கே குடித்தேன்?

சென்சோ என்ற திராட்சையில் எடுக்கிற ரோஸ் நிற ஒயினுக்கு எறாத் தொக்கு. சிரா ஒயினில் மிளகு போடாமலேயே மிளகு வாசனை வரும், அதற்குச் சுக்கா வறுவல். மஸ்கட் தேன் மாதிரி, அதற்கு அதிரசம். உனக்கு ரொம்பப் பிடித்தது கரிஞான். கறுப்பு என்றே சொல்லலாம், நாவல்பழம் தின்றதுபோல நாக்கை இழுக்கும் என்பாய். "அதுக்கு ஆட்டுக்கறிக் கொழம்புதான். ஆனா மொளகாய பாதியா கொறைக்கணும். இல்லன்னா ரெண்டும் வாயிலயே சண்ட போட்டுக்கும்." அம்மா அதைக் கேட்டுவிட்டு, "மொளகா கொறைச்சா அதுக்கு பேரு கொழம்பா?" என்றாள். கருவாட்டுக்கு என்ன வைப்பது என்று நான் கேட்டேன். வெகுநேரம் சிரித்துவிட்டு, "மோரு" என்றாய்.

லீவில் வந்தபோது எனக்காக ஒரு பிக்பூல் பாட்டில் கொண்டுவந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? திறந்து வைத்துவிட்டு நீ குளிக்கப் போன நேரத்தில், அம்மா மோந்து பார்த்து வினிகர் என்று நினைத்து, முழுப் பாட்டிலையும் ஊற்றி மடவையைக் கழுவிவிட்டாள். "நல்லா கவிச்சி எடுக்குதுடா இது" என்று உன்னிடமே சொன்னாள். நீ தலையில் துண்டோடு நின்று சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

போன வருஷம் திராட்சை அறுப்பு முடிந்த சமயம். கரிஞான் டேங்கிலிருந்து ஒயினை இறக்கிவிட்டு, அடியில் தங்கிய தோலையும் விதையையும் அள்ள லூயி உள்ளே இறங்கினான். உன்னோடு வேலை செய்த பிரெஞ்சுக்காரன். பழம் புளிக்கும்போது கிளம்புகிற வாயு டேங்குக்குள் தேங்கி நிற்குமாம், கண்ணுக்குத் தெரியாதாம். லூயி விழுந்தான். வெளியே நின்ற நீ உள்ளே பாய்ந்தாய். அவனைக் கதவுவரை இழுத்துவந்து வெளியே தள்ளினாய். நீ வரவில்லை.

நீயே கும்மிடிப்பூண்டியில் வெல்டு வைத்த டேங்க். உள்பக்கம் கை வழுக்குகிற மாதிரி நீயே பாலிஷ் போட்டது. பிடித்துக்கொள்ள ஒரு விளிம்பாவது விட்டிருக்கக்கூடாதா அண்ணா?

ஊர் வேறு மாதிரி பேசியது. "குடிச்சிக்கினு டேங்குல வுழுந்துட்டானாம்" என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா மட்டும் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. ஒரு கூறு மீனுக்கு அரைநாள் சண்டை போடுகிறவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. ஒருநாள் விளக்கேற்றும்போது தானாகச் சொன்னாள். "சத்தியத்த மீறிட்டான். அதான் சாமி எடுத்துக்கிச்சு." நான் வாயுவைப் பற்றி எவ்வளவோ சொன்னேன். அவள் காதில் ஏறவில்லை. ஒரு வருஷமாக உன் படத்துக்குப் பொட்டு வைத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும். அதனால்தான் நீ என் கனவில்கூட வாயைத் திறக்காமல் நின்றாயா?

நேற்றுக் காலையில் மாமா ஒரு பிராந்திக் கோட்டரோடு வந்தார். "ஆம்பளைக்கு படைக்கறோம். குடிச்ச வாயி, இது இல்லாம எப்பிடி?" என்று இலையோரம் வைத்தார். அம்மா தடுக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது.

அப்போதுதான் செல்வம் வந்தான், லீவில் ஊருக்கு வந்த கையோடு. பையிலிருந்து லேபிள் ஒட்டாத ஒரு பாட்டிலை எடுத்தான். அந்த டேங்கிலிருந்து இறக்கிய அதே கரிஞான். லூயி கொடுத்தனுப்பியது. அம்மா எழுந்து வாசலில் வந்து நின்றுவிட்டாள். "என் புள்ளய முழுங்கினது என் ஊட்டுப்படி ஏறக்கூடாது."

செல்வம் பாட்டிலைக் கீழே வைத்தான். பிறகு பையிலிருந்து இன்னொன்றை எடுத்து அம்மாவிடம் நீட்டினான். நம் வீட்டுச் சொம்பு. தண்ணீர் குடிக்க என்று பாத்திரக்கடையில் உன் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டி அம்மா கொடுத்தனுப்பியது.

"இதுலதாம்மா துப்புவான்" என்றான் செல்வம். "அங்க துப்பறதுக்கு வாளி கீது, தொட்டி கீது. இவன் மட்டும் எங்கம்மா சொம்புன்னு சொல்லி இதயே தூக்கிக்கினு வருவான். அறுப்பு விருந்துல எல்லாரும் குடிச்சிக்கினு இருப்பாங்க, இவன் துப்பிக்கினு இருப்பான். அன்னிக்கும் அவன் குடிக்கலம்மா. லூயிய தூக்கத்தான் போனான். நான் பக்கத்து டேங்குல இருந்தேன்."

அம்மா சொம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். உள்ளே சுற்றிலும் டீக்கறை மாதிரி கறுத்துப் படிந்திருந்தது. விரலை விட்டுத் தேய்த்தாள், போகவில்லை. புடவைத் தலைப்பால் தேய்த்தாள், அப்போதும் போகவில்லை.

"இம்மாம் துப்பியிருக்கான்" என்றாள்.

அப்படியே கீழே உட்கார்ந்து, நீ செத்த சேதி வந்த அன்றைக்கு அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய், கோட்டரை எடுத்து மாமா கையில் கொடுத்தாள். "இத நீ எடுத்துக்கினு போ. அவன் வாயி இதெல்லாம் கண்டதில்ல." என்னைப் பார்த்து, "அந்த கறுப்புக்கு இன்னாடி வெக்கணும்னு சொன்னான்?" என்று கேட்டாள்.

சொன்னேன். செல்வம் ஓடிப்போய்க் கறி வாங்கிவந்தான். அம்மா குழம்பு வைத்தாள். மிளகாயைக் கையில் எடுத்துப் பார்த்து, பாதியைத் திரும்ப டப்பாவில் போட்டாள்.

இலையில் சோறும் கறியும் வைத்து, டம்ளரில் கரிஞானை ஊற்றினோம். பக்கத்தில் அம்மா அந்தச் சொம்பைக் காலியாக வைத்தாள். எதற்கு என்று மாமா கேட்டார். "துப்பறதுக்கு" என்றாள். வழக்கம்போல நீ வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே உட்கார்ந்தோம். உள்ளே ஒரு சின்னச் சத்தம் கேட்டது, சொம்பில் ஏதோ விழுந்தது மாதிரி. பல்லி என்றார் மாமா.

கதவைத் திறந்து அம்மாதான் முதலில் போனாள். சொம்பைக் குனிந்து பார்த்தாள், பிறகு நிமிர்ந்து உன் படத்தை நேராகப் பார்த்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு. எனக்கு எட்டிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. "இன்னாம்மா கீது உள்ள?" என்று மட்டும் கேட்டேன்.

"துப்பிடுவேன்னு அவன் சொன்ன மாதிரிதான்" என்றாள்.

அடுத்த வருஷம் பிக்பூல் வரும், செல்வம் சொல்லியிருக்கிறான். நான் மடவை வறுத்துவைக்கிறேன், பாட்டிலை அம்மா கைக்கு எட்டாமல் வைக்கிறேன். இன்னொன்றும் சொல்கிறேன், நீ கற்பூரத்தின் மேல் கை வைத்ததுபோல நானும் வைத்துச் சொல்கிறேன். நான் இருக்கிறவரை அந்தச் சொம்பைப் புளி போட்டுத் தேய்க்க யாரையும் விடமாட்டேன்.

உன் சத்தியத்துக்குப் பக்கத்தில் நின்ற தங்கச்சி,
தேவி