ஏழு பாட்டன் பெயர்கள்

நோவோசிபிர்ஸ்க்

அன்புள்ள அப்பாவுக்கு மேரிம் எழுதுவது. ஆடு, குதிரை, நீங்கள் எல்லாரும் சுகந்தானே? நானும் சுகம்.

ஒரு சின்ன விஷயம். புதுசு வாங்கலாமென்று என் தையல் மெஷினை விற்கப் போட்டேன். ஒருவன் போன் செய்தான். "அக்கா, நானும் உங்க ஊர் நாரின்காரன்தான். நீங்க எந்த வம்சம்?" நம் வழக்கப்படி ஏழு தலைமுறைப் பாட்டன் பெயரையும் பெருமையாக ஒப்பித்தேன். "அட, நாம ஒரே ரத்தம்க்கா! பணம் போட்டுட்டேன், பாருங்க."

பணம் வந்ததாக வங்கி பெயரில் மெயிலும் வந்தது. சொந்தக்காரனைச் சந்தேகப்பட்டுக் கணக்கைப் பார்ப்பதா என்று கூச்சப்பட்டு, மெஷினை லாரியில் ஏற்றிவிட்டேன். மெயில் பொய்யாம். புகார் கொடுக்கப் போனால் போலீஸ்காரர் சிரித்தார்.

கொஞ்சம் உலர்தயிர் உருண்டை அனுப்புங்கள். இங்கே கிடைப்பதில் உப்பே இல்லை.

வேலைக்கு நேரமாகிறது. யாராவது போனில் நம் ஏழு பெயரையும் ஒப்பித்தால் நம்பிவிடாதீர்கள், அப்பா. அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான்.

மேரிம்