மடியில் இருந்த எடைக்கல்

அம்மாடி சங்கரி,

போன ஞாயிறு வீடியோ காலில் எடை மிஷினில் ஏறிக் காட்டினேனே, அப்போது வேட்டி மடியில் நம் கடையின் இரண்டு கிலோ எடைக்கல் இருந்தது. எந்த வாடிக்கையாளருக்கும் ஒரு கிராம் குறைக்காதவன், உனக்குக் கூட்டிக் காட்டினேன்.

"எடை இன்னும் குறைஞ்சா கடையைப் பூட்டிட்டு நியூ டவுன்ல என் ஃபிளாட்டுக்கு வந்துடணும்ப்பா" என்றாயே, அதனால்தான்.

பார்க்கின்சன் வந்த உடம்பு ஓயாமல் நடுங்குகிறது. அதுவும் உழைப்புதான், உழைக்கிற உடம்பு இளைக்கத்தான் செய்யும். சோறு பாதி சிந்துகிறது, மறுபடி போட்டுக்கொள்கிறேன். ஊட்டிவிட ஆள் அனுப்பாதே.

வரும் ஞாயிறு கல் இல்லாமல் ஏறுகிறேன். முள் என்னோடு சேர்ந்து ஆடட்டும், எங்கே வேண்டுமானாலும் நிற்கட்டும். திங்கட்கிழமை கடை திறந்திருக்கும். அரிசி வேண்டுமென்றால் வா. கடையில் எடை சரியாக இருக்கும்.

உன் அப்பா