வெண்ணெயிடம் இல்லாத கறுப்பு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் நலம். அங்கே எல்லோரும் நலமா என்று சாவகாசமாகக் கேட்கும் நிலையில் இல்லை. உனக்கு மூக்கின் மேல் கோபம். ஃபோனில் வாயைத் திறந்தாலே துண்டித்துவிடுகிறாய். கடிதத்தைத் துண்டிக்க வேண்டுமானால் கிழிக்கத்தான் வேண்டும். எங்கள் ஆய்வுக்கூட ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன். நீ படித்து முடிக்கும்வரை வாசலிலேயே நிற்பார். அவரும் என்னைப் போலத்தான், போ என்றால் போக மாட்டார்.

காலையில் உன் மனைவி உங்கள் பெண் நாயைப் பற்றிப் பேசினாள். “மேகம் சோத்தத் தொடல அண்ணி, சாக்கைப் பிறாண்டிக்கிட்டே இருக்கு. இன்னிக்கே குட்டி போட்டுடும்போல. இவரு வாளியில தண்ணி புடிச்சு வெச்சிருக்காரு, எதுக்குன்னு கேட்டா பதிலே இல்ல” என்றாள். எதற்கென்று எனக்குப் புரிந்தது. உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உன் நாய்களின் எச்சில் மாதிரிகளுக்கு முடிவு வந்துவிட்டது. போன ஈற்றில் காது கேட்காத வெள்ளைக்குட்டி பிறந்ததற்கு மேகம்தான் காரணம், உன் செல்ல ஆண் நாய் வெண்ணெயிடம் ஒரு குறையும் இல்லை என்று நான் எழுதித்தர வேண்டும் என்பது உன் ஆசை. எழுத முடியாது. கறுப்பு முடியை அங்கங்கே சாம்பலாக வெளுக்கவைக்கும் மரபணு மேகத்திடம் இருப்பது பார்த்தாலே தெரியும். அது வெண்ணெயிடமும் இருக்கிறது.

சாம்பல் திட்டுள்ள இரண்டை இணை சேர்க்கக் கூடாது என்று உனக்குத் தெரியும். அதனால்தான் திட்டே இல்லாத வெண்ணெயைத் தேடிப் பிடித்தாய். ஆனால் அவன் உடம்பில் கறுப்பு முடியே கிடையாதே, அந்த மரபணு எதை வெளுக்கும்? துணியே இல்லாத கொடியில் சாயம் போனதை யார் கண்டார்கள்? தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் அதை வாங்கும் குட்டி பெரும்பாலும் வெள்ளையாகப் பிறக்கும். காதோ கண்ணோ இல்லாமல் போகலாம். இந்த ஈற்றிலும் அப்படிப் பிறக்கலாம். மேகத்தின் மேல் தப்பில்லை. நீயும் தெரிந்து செய்யவில்லை. இனி செய்வதுதான் தெரிந்து செய்வது.

இன்னொன்று. உன் மகள் விடுமுறைக்கு வந்தபோது என் பக்கத்திலேயே உட்கார்ந்து நுண்ணோக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைக்குட்டியைத் தூரத்துப் பண்ணையில் விட்டுவிட்டதாக நீ சொன்னாயாம். அதைக் கைசாடையில் எனக்குச் சொல்லிவிட்டு, தன் காதில் இருந்த கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். ‘அதுக்கும் இதுமாதிரி ஒண்ணு வாங்கிக் குடுத்திருந்தா அப்பா வீட்டுலயே வெச்சிருப்பாரா?’ என்று கேட்டாள். கருவியை எடுத்து அவள் காதில் மாட்டிவிட்டேன். என்ன பதில் சொல்வது தம்பி? நீயே சொல்.

என் மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு. வெள்ளையாக எத்தனை பிறந்தாலும் தண்ணீரில் அமுக்காதே, பால்குடி மறந்ததும் நான் வந்து எடுத்துக்கொள்கிறேன். இப்போது அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, வாளியை ஓட்டுநர் கையில் கொடுத்தனுப்பு.

உன் மகள் வந்து ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவாள். பிறந்ததெல்லாம் தாய் மடியிலேயே இருக்கட்டும். அவளும் நீயும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நீண்ட காலம் வாழ வேண்டும்.

வாளிக்காகக் காத்திருக்கும்,
உன் அக்கா